வாசலில் நிற்கும் வாரண்டு

கொடுத்த பணம் வராமல் சிவில் கோர்ட்டில் டிக்ரி வாங்கியவர், மறுநாளே எதிராளியைப் பிடித்து உள்ளே வைத்துவிடலாம் என்றுதான் வருவார். நிறைவேற்றல் மனு, அதாவது இ.பி. போடும்போது தெரியவரும்: பிடிபடுகிறவரின் சாப்பாட்டுப் படியை இவர்தான் முன்கூட்டியே கட்டவேண்டும். சிறைக்குப் போன பிறகு மாதாமாதம் கட்டவேண்டும். நிறுத்தினால் கைதி வெளியே வந்துவிடுவார்.

மனு போட்டவுடன் வாரண்டும் பிறந்துவிடாது. ஏன் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் போகும். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வாரண்டு, அதை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா கைக்கு வரும். பொழுது சாய்ந்தபின் விடியும்வரை வீட்டுக்குள் அவர் நுழையமுடியாது. கடனாளி அடுத்தவர் வீட்டில் ஒளிந்திருந்தால் வெளிக்கதவை உடைக்கவும் முடியாது. பணக் கடனுக்காகப் பெண்களைப் பிடிக்கவே கூடாது. அமீனா முன்னாலேயே பணத்தை எண்ணி வைத்துவிட்டால் அத்தோடு விடுதலை.

1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தத் தாளுக்கு முரட்டு வயது. ஐம்பது ரூபாய்க்கு மேல் பாக்கியா, ஆறு மாதம்வரை சிறை. 1936இல் 51ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: ஓடிப்போகப் பார்க்கிறாரா, சொத்தை மறைத்தாரா, கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறாரா என்று நீதிபதி விசாரித்து, காரணத்தை எழுதவேண்டும். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. டிக்ரிக்குப் பிறகு எப்போதாவது பணம் இருந்திருந்தாலே போதும், இன்று ஓட்டாண்டியானாலும் உள்ளே தள்ளலாம் என்றே அந்த வாசகத்தைப் படிக்க இடமிருந்தது.

அந்த ஓட்டை வழியாக 1979இல் கேரளத்தில் ஒரு வாரண்டு புறப்பட்டது. கேட்டது கொச்சி வங்கி. அந்த டிக்ரி இரண்டரை லட்சத்துக்கு. மற்ற டிக்ரிகளையும் சேர்த்தால் ஏழு லட்சத்துக்கு மேல். இதில் வேடிக்கை என்னவென்றால், கடனாளிகளின் சொத்து ஏற்கனவே ஜப்தியாகி, அதை நிர்வகிக்க ரிசீவரும் வந்தாயிற்று. ஆளையும் பிடிக்கவேண்டும் என்று வங்கி நின்றது, உயர்நீதிமன்றமும் தலையிடவில்லை.

வழக்கு டெல்லிக்கு, உச்சநீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன் வந்தது. ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலாத ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் அடைக்கக்கூடாது என்னும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதையும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்து அவர் 51ஆம் பிரிவைப் படித்தார். கட்டத் தவறியது மட்டும் போதாது, கெட்ட எண்ணமும் இருக்கவேண்டும் என்று 1980 பிப்ரவரியில் தீர்ப்பு. வாரண்டு, மறு விசாரணைக்காகக் கீழ்க்கோர்ட்டுக்கே திரும்பியது.

மகன் பேரில் பங்களாவை எழுதிவைத்துவிட்டுக் கைவிரிக்கும் ஆசாமிக்கு இந்தத் தீர்ப்பு கேடயம் ஆகாது. அவரைத் தேடித்தான் வாரண்டு இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் பல் மழுங்கிவிட்டது. இன்றைய சட்டப்படி இரண்டாயிரம் ரூபாய்வரை சிறையே கிடையாது. ஐயாயிரத்தைத் தாண்டினால் அதிகபட்சம் மூன்று மாதம். ஐந்து கோடியானாலும் அதே மூன்று மாதம்தான். இருந்துவிட்டு வந்தவரை அதே டிக்ரிக்காக மறுபடி பிடிக்கமுடியாது. கடன் மட்டும் ஒரு பைசா குறையாது. படி கட்டி ஓய்ந்த கடன்கொடுத்தவர், மிச்சமுள்ள சொத்தைத் தேடி இன்னொரு இ.பி. போடவேண்டியதுதான்.