விரிதாள்

விரிதாள் என்பது கணினித் திரையில் கட்டம் கட்டமாக விரியும் கணக்குத் தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணையோ எழுத்தையோ வாய்பாட்டையோ இடலாம். வாய்பாடு பிற கட்டங்களைச் சுட்டி நிற்பதால், எங்கோ ஒரு கட்டத்தில் எண் மாறினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகை, சதவீதம், வரைபடம் எல்லாம் உடனே மாறிக்கொள்ளும். அச்சில் விரிதாள், கட்டம், வாய்பாடு என்று எழுதினாலும், அலுவலகத்திலும் கடையிலும் புழங்குபவை எக்செல் ஷீட், செல், ஃபார்முலா என்ற சொற்களே. மென்பொருள் எதுவாக இருந்தாலும் "எக்செல்ல போட்டு அனுப்புங்க" என்பதுதான் பேச்சு வழக்கு.

தரவு, கணக்கு, காட்சி மூன்றும் ஒரே கட்டத்தில் குடியிருப்பது இதன் அடிப்படைத் தன்மை. நிரல் எழுதப் பழகாத ஒருவர் அரை மணி நேரத்தில் தன் கணக்கைத் தானே அமைத்துக்கொள்ள முடிவது இதனால்தான். அவர் பின்னால் படும் தொல்லைகளில் பெரும்பகுதியும் இதே இடத்திலிருந்துதான் முளைக்கிறது.

தோற்றம்

கணக்கர்கள் பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் பரந்து விரியும்படி கோடு போட்டு எழுதிய அகலத் தாளே பெயருக்கு மூலம். 1978-இல் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் எழுதிய ஓர் அட்டவணையில் ஒரே ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தால் அதைத் தொடர்ந்து வரும் எண்கள் அத்தனையையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். அந்த வேலையைக் கணினியே செய்யட்டும் என்ற எண்ணத்துக்கு அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரல் எழுதினார். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த அந்த மென்பொருள்தான் விசிகால்க். அதில் 63 நெடுவரிசைகளும் 254 வரிசைகளும் இருந்தன. இதற்காகவே கணினி வாங்கியவர்கள் உண்டு. பிரிக்ளின் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. அன்று மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது அரிதாக இருந்தது. பிறர் தடையின்றி இந்த வழியில் வர அதுவும் ஒரு காரணம்.

1983-இல் மிட்ச் கேப்பரின் லோட்டஸ் 1-2-3 ஐபிஎம் கணினிகளில் விசிகால்க்கை முந்தியது. மைக்ரோசாஃப்ட் எக்செல் 1985-இல் முதலில் மக்கின்டாஷுக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. 1990-களில் விண்டோஸ் பரவியபோது லோட்டஸ் பின்தங்கியது. 2014-இல் அதற்கான ஆதரவும் நின்றது.

லோட்டஸ் விட்டுச்சென்ற ஒரு பிழை இன்னும் உயிரோடிருக்கிறது. 1900 லீப் ஆண்டு அல்ல. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட வேண்டும். லோட்டஸ் அதை லீப் ஆண்டாகக் கொண்டது. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் அப்படியே ஏற்றது. அதனால் எக்செலில் இன்றும் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால், உலகில் என்றுமே வராத 1900 பிப்ரவரி 29 வந்து நிற்கும்.

பயன்பாடு

கூட்டல், கழித்தலோடு நிற்பவர்களே மிகுதி. மளிகைக் கடையின் இருப்பு, மாதச் சீட்டு, கல்யாண வீட்டு மொய், பள்ளி மதிப்பெண், ஊழியர் வருகை, சரக்கு மற்றும் சேவை வரிக்கான பட்டியல் ஆகிய இவற்றுக்கு வேண்டியது கூட்டலும் வரிசைப்படுத்தலும் வடிகட்டலும் மட்டுமே. அடுத்த படியில் இருப்பவர்கள் ஒரு தாளில் உள்ள எண்ணைக் கொண்டு இன்னொரு தாளில் பெயரைத் தேடும் வி-லுக்கப் வாய்பாட்டையும், ஆயிரம் வரிகளை நான்கு வரிச் சுருக்கமாக்கும் பிவட் அட்டவணையையும் கையாள்கிறார்கள். "ஃபார்முலா போட்டு கீழே இழுத்து விடு" என்பதில் இந்தக் கலையின் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி, இழுக்கும்போது எந்தக் கட்டம் நகரக் கூடாது என்று டாலர் குறியிட்டு நிறுத்துவது.

தானே மாற்றிக்கொள்ளும் குணம்

தட்டச்சு செய்வது எண்ணா, தேதியா, எழுத்தா என்று விரிதாள் ஊகிக்கிறது. ஊகம் சரியாக அமைந்தால் வேலை மிச்சம். தவறினால் தகவலே அழிந்துவிடும், அதுவும் ஓசையின்றி.

கதவு எண் 12/3 என்று இட்டால் அது மார்ச் 12 ஆகிவிடும். நிலத்தின் புல எண்ணுக்கும் இதே கதிதான். பிறகு அந்தக் கட்டத்தை எழுத்து வடிவுக்கு மாற்றினால் 12/3 திரும்பி வராது. 2024-இல் தட்டச்சு செய்திருந்தால் 45363 என்ற எண்தான் நிற்கும், ஏனெனில் தேதியை 1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்களாகவே மென்பொருள் வைத்திருக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண் முதல் பூஜ்யத்தை இழக்கும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை இடைவெளியின்றி இட்டால், எண் உள்ளே சேதமின்றி இருந்தாலும், பார்வைக்கு 1.23457-ஐப் போல ஒரு தசம எண்ணும் அதன் வாலில் +11-உமாகக் காட்சி தரும். அதைப் பார்த்துக் கைப்பட நகலெடுப்பவர் தவறாமல் ஏமாறுவார்.

இவற்றுக்குப் பரிகாரம் எளிது. ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். எண்ணாகத் தோன்றினாலும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவமாக அமைத்துவிட்டு, அதன் பிறகே தரவை ஒட்ட வேண்டும். ஓரிரு கட்டங்கள்தாம் என்றால் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறியிட்டாலே போதும்.

நாளும் மாதமும் இடம் மாறுவது இன்னும் நயவஞ்சகமானது. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் 03/04/2024 என்று இட்டால் அது ஏப்ரல் 3 ஆகாது, மார்ச் 4 ஆகும். 13/04/2024 என்பதில் 13 மாதமாகப் பொருந்தாததால் அது எழுத்தாகவே நிற்கும். ஆக, ஒரே நெடுவரிசையில் பாதித் தேதிகள் பிழையாகவும் மீதி தேதியே அல்லாமலும் கிடக்கும். எண்ணாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்தாக நின்றவை இடப்பக்கமும் ஒட்டியிருக்கும் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வரலாறு எழுதுவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. எக்செலுக்குக் காலம் 1900-இல்தான் பிறக்கிறது. பாரதியார் பிறந்த 1882 டிசம்பர் 11 அதற்குத் தேதியே அல்ல, வெறும் எழுத்து. லிப்ரெஆபிஸ் கால்க் அதைத் தேதியாக ஏற்கும்.

மரபணு ஆய்வாளர்கள் இந்தக் குணத்திடம் தோற்றுப்போனார்கள் என்றே சொல்ல வேண்டும். மார்ச்1, செப்ட்2 போன்ற சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்கள் தேதிகளாக மாறுவது 2004-லேயே ஆய்விதழில் பதிவானது. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் காட்டியது. கடைசியில் 2020-இல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, மென்பொருள் குழம்பாதபடி பெயர்களையே மாற்றிவிட்டதை அறிவித்தது. தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் தெரிவு எக்செலில் 2023-இல்தான் வந்தது. ஒரு கருவிக்காக ஓர் அறிவியல் துறை தன் சொற்களை மாற்றிக்கொண்டது, பழுது கருவியில் இருந்தபோதும்.

கண்ணில் படாத பிழை

அச்சிட்ட தாளில் விடை மட்டுமே தெரியும், அந்த விடைக்கு வந்த வழி கட்டத்துக்குள் மறைந்திருக்கும். 2010-இல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி கடுமையாகச் சரிகிறது என்று எழுதினார்கள். பல நாடுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு அது மேற்கோளானது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களிடமிருந்தே கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் வாய்பாடு ஐந்து நாடுகளை எட்டாமல் நின்றிருந்தது. முடிவு மாறியதற்கு இந்தப் பிழை ஒன்றே காரணமல்ல. தரவைத் தேர்ந்த விதமும் எடையிட்ட விதமும் இன்னும் பெரிய பங்கு வகித்தன. ஆனாலும், கோப்பு கைக்கு வராதவரை எவராலும் அந்த விடுபாட்டைப் பார்த்திருக்க முடியாது.

வி-லுக்கப்பும் இவ்வகைதான். அதன் நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டால், சரியான பொருத்தம் இல்லாதபோதும் கிட்டத்தட்டப் பொருந்தும் எதையோ எடுத்துத் தரும். எண்ணற்ற ஊதியப் பட்டியல்களில் இந்த ஓரிடம் காலியாக இருக்கிறது. பின்னால் வந்த எக்ஸ்-லுக்கப் சரியான பொருத்தத்தையே இயல்பாகத் தேடும். புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் பழையதைக் கைவிடுவதே நல்லது.

அளவும் ஒரு பொறி. எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளே உண்டு. 2007 முதல் வந்த வடிவத்தில் 10,48,576. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியது. வரிசைகள் தீர்ந்த பின் வந்தவை விடுபட்டன. 15,841 தொற்றாளர்கள் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அந்த அளவுக்குத் தாமதமானது.

மறைத்து வைத்த தாள் மறைந்ததாகாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்டவருக்கு அனுப்பிய விரிதாளில் மறைந்திருந்த ஒரு தாளின் வழியே சுமார் 10,000 பணியாளர்களின் விவரங்கள் பொதுவெளிக்கு வந்தன.

தமிழில் விரிதாள்

யூனிகோடு தமிழ் எல்லா முதன்மை விரிதாள்களிலும் இன்று சரியாக இயங்குகிறது. தொல்லை இரண்டு இடங்களில் எஞ்சியிருக்கிறது. தமிழ் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் எழுத்துகள் உருக்குலைந்து வரலாம். வெற்றுத் தாளைத் திறந்து, தரவுப் பகுதி வழியாக யூனிகோடு என்று சொல்லி இறக்கினால் சரியாகிவிடும். இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள். அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளே. அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசை வரும், யூனிகோடில் தேடினால் ஒன்றும் சிக்காது. மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை செய்ய முடியும்.

மாற்றுகள்

கட்டணமின்றி, இணையமின்றி இயங்குவதில் முதன்மையானது லிப்ரெஆபிஸ் கால்க். ஓபன்ஆபிஸிலிருந்து 2010-இல் பிரிந்த தன்னார்வலர் குழுவின் ஆக்கம் இது. எக்செல் கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும். தானாக இயங்கும் கட்டளைத் தொடர்களான மேக்ரோக்கள் நிறைந்த கோப்பானால் தடுமாறும். வீட்டுக் கணக்குக்கும் பள்ளிக்கும் சிறு கடைக்கும் இதுவே போதுமானது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. இன்னொரு கட்டணமற்ற விரிதாளான நியூமெரிக் சிறியது, விரைவானது. அதன் புள்ளியியல் வாய்பாடுகளில் குறை சுட்டப்பட்டபோது அதை ஆக்கியவர்கள் விரைந்து திருத்தினார்கள் என்ற நல்ல பெயர் ஆய்வாளர்களிடையே உண்டு.

பலர் ஒரே நேரத்தில் ஒரே தாளில் எழுத வேண்டுமானால் 2006-இல் வந்த கூகுள் ஷீட்ஸ் உதவும். "இறுதி", "இறுதி புதியது", "இறுதி திருத்தியது" என்று கோப்புகள் பெருகும் அவலம் அதில் இல்லை, பழைய நிலைக்கும் திரும்பலாம். ஒரு கோப்புக்கு ஒரு கோடிக் கட்டங்கள் என்பது அதன் எல்லை. அது நிரம்புவதற்கு வெகு முன்பே வேகம் குறைந்துவிடும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ஷீட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சில வேலைகளுக்கு விரிதாளை மாற்றுவதைவிட விரிதாளையே விடுவது மேல். வரவு செலவுக் கணக்குக்கு டாலி போன்ற கணக்கியல் மென்பொருள் பொருத்தமானது. பற்றும் வரவும் சமமாகாத பதிவை அது ஏற்காது, விரிதாள் எதையும் ஏற்கும். ஆயிரக்கணக்கான உறுப்பினர், நூல், நோயாளி விவரங்களுக்குத் தரவுத்தளம் வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன வகைத் தகவல் வரலாம் என்று முன்பே வகுத்துக்கொள்ளும் அமைப்பில் கதவு எண் தேதியாகாது. ஆண்டுதோறும் திரும்பச் செய்யும் ஆய்வுக் கணக்குக்கு ஆர், பைத்தான் மொழிகள் ஏற்றவை. செய்த ஒவ்வொரு படியும் அதில் எழுத்தாக நிற்பதால் இன்னொருவர் வரி வரியாகப் படித்துச் சரிபார்க்கலாம்.

நெடுநாள் காக்க வேண்டிய தரவைச் சிஎஸ்வி வடிவிலோ, லிப்ரெஆபிஸின் திறந்த வடிவிலோ ஒரு படி எடுத்து வைப்பது வழக்கம். லோட்டஸின் கோப்புகளைத் திறக்கும் வசதியை எக்செல் 2007 பதிப்போடு கைவிட்டது. பழைய கணினியிலிருந்து அத்தகைய கோப்பு ஒன்று கிடைத்தால் முதலில் கால்க்கில் திறந்து பார்க்கலாம்.