சோளத்துக்கு வந்த வாழ்வு

எங்கள் கிளையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூட்டிப் பெருக்குவது, டீ வாங்கி வருவது, லெட்ஜர் கட்டுகளைத் தூக்கி வைப்பது எல்லாம் அவர்தான். வயதுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் 'காகா' என்று கூப்பிடுவோம் (மராத்தியில் சித்தப்பா. நம்ம ஊர் காக்கா இல்லை!). போன மாதம் சர்க்கரை ஏகத்துக்கு ஏறி இரண்டு நாள் வரவில்லை. திரும்பி வந்ததும், "டாக்டர் என்ன சொன்னார் காகா?" என்று கேட்டேன்.

"சோத்தைக் குறைக்கணுமாம். பிஸ்கட், மைதா கூடாதாம். ஜ்வாரி பாக்ரி சாப்பிடணுமாம் சாஹேப்" என்றார். ஜ்வாரி என்றால் நம்ம சோளம். பாக்ரி என்பது அதைத் தட்டிச் சுடும் ரொட்டி. கொஞ்சம் நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஆயி காலத்துல கோதுமை வாங்கக் காசில்லாம ஜ்வாரி தின்னோம். இப்ப ஜ்வாரி வாங்கக் காசில்லாம கோதுமை திங்கறோம்."

அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இதே கதை எங்கள் வீட்டிலும் உண்டு. எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. ஆச்சி காலத்தில் அன்றாடம் கம்மங்கஞ்சியும் சோளச்சோறும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். இன்று நாக்பூரில் நான் இருக்கும் பேட்டையில் அதே கம்பும் தினையும் அழகான பாக்கெட்டில், பாசுமதிக்குப் பக்கத்து அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன. விலையைப் பார்த்தால் ஆச்சி மயங்கி விழுந்திருப்பாள்.

சத்தான சாப்பாடு சாப்பிடக் கூடுதல் செலவாகுமா? ஆகும் என்கிறார் காகா. ஆகவே ஆகாது, சோம்பல்தான் காரணம் என்கிறார்கள் வாட்ஸப் பெரியவர்கள். நான் படித்தது பி.காம். கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை. ஆனால் இந்தக் கணக்கு இந்த வருட விலைப்பட்டியலில் தொடங்கவில்லை, நூறு வருடத்துக்கும் பழைய கணக்கு. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

*

முதல் காட்சி, ஜாவா தீவின் பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. 1890 வாக்கில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, கடைசியில் இதயம் நிற்கும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே மாதிரி கால் விளங்காமல் போனது. பிறகு திடீரென்று தானாகவே குணமானது. என்ன நடந்தது என்று துருவினால், விடை சமையல்கட்டில் இருந்தது. இடையில் கொஞ்ச காலம் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியின் மிச்சச் சோறு, தீட்டின வெள்ளைச் சோறு, போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்தின் சோறு சிவிலியன் கோழிகளுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார் :-) மறுபடி தீட்டாத மலிவு அரிசிக்கு வந்த கோழிகள் பிழைத்தன.

தவிட்டோடு போனது என்ன என்பது பின்னால் தெரிந்தது. தயமின் என்னும் வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என் கவனம் விலையின் மேல். உயர்ந்த சரக்கு என்று ஆஸ்பத்திரிக்கு வாங்கியது வெள்ளை அரிசி. கோழிக்குப் போதும் என்று ஒதுக்கியது தீட்டாத அரிசி. சந்தை விலைக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நம் நாட்டிலும் அரைவை மில்கள் பரவின. உரலில் குத்துகிற கூலியைவிட மில் கூலி மலிவு. வெள்ளையாக இருந்தால் கௌரவம். வியாபாரிக்கு இன்னொரு லாபமும் உண்டு: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறிவிடும், பூச்சி விழும். வெள்ளை அரிசி குடோனில் மாதக்கணக்கில் கிடக்கும். கெடாமல் இருப்பது எதுவோ அதுதான் கடைக்காரருக்கு நல்ல சாமான்.

*

இரண்டாவது காட்சி நம்ம குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் 1918ல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் பின்னால் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

மெக்காரிசன் 1920களில் ஒரு பரீட்சை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். சீக்கியர்களின் சாப்பாடு (முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி) தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியையே நம்பிய 'மதராஸி' சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில். வருத்தம்தான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெயித்த தட்டில் இருந்தது முழு தானியம் மட்டும் அல்ல. பாலும் காயும் பருப்பும் இருந்தன. இதற்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் காலத்தில் இன்னொன்று தெளிவானது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது வடக்கே, இன்றைய ஆந்திரக் கடற்கரையில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. தெற்கே நம் ஜனங்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. எந்த ஆராய்ச்சியும் படிக்காத நம் பாட்டிகள் அவித்த நெல் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

*

மூன்றாவது காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. நாக்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வார்தா. காந்தி அங்கே 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளர் நம்ம தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காளர் பரீட்சை தேறி, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தி, பிறகு அமெரிக்காவில் பொது நிதி படித்தவர். கோட்டும் சூட்டும் போட்டவர் கதருக்கு மாறினார். கணக்கை மட்டும் விடவில்லை.

சங்கம் கையில் எடுத்தவற்றில் முக்கியமானவை கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம். இன்று ஆர்கானிக் கடையில் அதிக விலைக்கு விற்கும் அதே மூன்று! அன்று அவர்கள் இவற்றைப் பணக்காரர்களுக்காகச் சொல்லவில்லை. கிராமத்து ஏழைக்கு இதுதான் மலிவு, சத்தும் போகாது, குத்துகிற கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும் என்பது வாதம். குமரப்பா 1945ல் வெளியிட்ட 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' புத்தகத்தில், ஒரு லட்சம் பேர் சரிவிகிதமாகச் சாப்பிட என்னென்ன வேண்டும், அதற்கு எத்தனை ஏக்கரில் எதைப் பயிரிட வேண்டும் என்று பட்டியலே போட்டுவிட்டார். நான் பார்த்த எந்தக் கடன் திட்ட அறிக்கைக்கும் அது இளைத்ததில்லை. விலைச்சீட்டில் இருப்பது பாதிக் கணக்குதான், வேலை இழந்தவனும் உடம்பு கெட்டவனும் கொடுக்கிற விலை அதில் வராது என்பது அவர் கட்சி.

சங்கத்தின் மகன் சங்கிரஹாலயா அருங்காட்சியகம் (1938ல் காந்தி திறந்து வைத்தது) வார்தாவில் இன்றும் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கைக்குத்தலைக் காப்பாற்ற ஒரு சட்டமே வந்தது. 1958ன் அரிசி அரைவைத் தொழில் சட்டம். மில் வைக்க லைசென்ஸ் வேண்டும் என்றது. 1997ல் அதை ரத்து செய்தார்கள். அதற்குள் உரலும் உலக்கையும் கல்யாண வீட்டுச் சடங்குக்கு மட்டும் என்றாகிவிட்டது.

*

நான்காவது காட்சி ரேஷன் கடை. 1965ல் இந்திய உணவுக் கழகம் வந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறந்த இடம், மறுபடியும், தஞ்சாவூர்! பஞ்சத்தையும் கப்பல் கோதுமையையும் பார்த்த தலைமுறைக்கு இது பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தமிழ்நாட்டில் 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். 2013ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதும் அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்றது. 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இலவசம். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது இதனால்தான்.

ஆனால் அரசு கொள்முதல் செய்தது பெரும்பாலும் நெல்லும் கோதுமையும். விவசாயி எதற்கு வாங்குபவன் நிச்சயமோ அதை விதைப்பான். 1960களில் நாட்டில் சுமார் 180 லட்சம் ஹெக்டேரில் சோளம் இருந்தது. இன்று 40 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. விதர்பாவில் சோளக்காட்டின் இடத்தில் சோயாவும் பருத்தியும் நிற்கின்றன.

இப்போது கணக்கு. 2025-26ன் ஆதார விலை குவிண்டாலுக்கு: சாதா நெல் 2369 ரூபாய், கம்பு 2775, கலப்பினச் சோளம் 3699, கேழ்வரகு 4886. நெல்லைப் பார்த்து இதுதான் மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். 100 கிலோ நெல்லில் 67 கிலோ அரிசிதான் தேறும். அப்படியானால் அரைவைக் கூலி சேர்க்காமலே அரிசி கிலோ 35 ரூபாய்க்கு மேல். சோளம் 37. கம்பு 28கூட இல்லை. கேழ்வரகு மட்டும்தான் உண்மையில் விலை கூடியது.

அதாவது காட்டில் விளையும்போது சோளம் பணக்காரத் தானியம் இல்லை. காகா கைக்கு அரிசியும் கோதுமையும் பூஜ்ய ரூபாய்க்கு வருகின்றன. சோளம் கடையில், நான் விசாரித்த அன்று, கிலோ 52. மாதம் 15 கிலோ மாற்றினால் 780 ரூபாய். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் பில். அவருக்கு அப்படி இல்லை.

*

சரி, என் வீட்டுக் கதை? ஒரு மாத மளிகை பில்களை எடுத்து வைத்துக் கூட்டினேன். அரிசி, கோதுமை, பருப்பு எல்லாம் சேர்த்து ஒரு பக்கம். பிஸ்கட், நூடுல்ஸ், மிக்சர், சாஸ், ஜூஸ் பாட்டில் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம். நாங்கள் மட்டும் இல்லை. 2022-23ன் அரசு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் நகரத்துக் குடும்பம் மாதச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் பானங்களுக்கும் தயார் உணவுக்கும் கொடுக்கிறது. தானியத்துக்கு 5 சதவீதம்கூட இல்லை. எங்களைப் போன்றவர்கள் "சத்தான சாப்பாடு கட்டுப்படியாகாது" என்று சொன்னால் அது பொய்க் கணக்கு.

காகா சொன்னால் உண்மை. மெக்காரிசனின் எலிகளை நினைத்துப் பாருங்கள். தட்டை நிறைவாக்குவது பால், பருப்பு, காய், பழம். ரேஷனில் இலவசமாக வராததும் அவைதான். ஐ.நா.வின் உணவு அறிக்கை 2021ல் இந்தியர்களில் 74 சதவீதம் பேருக்கு நல்ல சாப்பாடு கட்டுப்படியாகவில்லை என்றது. அடுத்த அறிக்கையில் கணக்கு முறையை மாற்றிய பிறகும் பாதிக்கு மேல்தான். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கு எதிரே ஐந்து ரூபாய்க்கு என்ன பழம் கிடைக்கும் சொல்லுங்கள்?

இதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது தங்கமணியிடம் பெருமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் சரி. பாக்ரி யார் தட்டறது? கோதுமை மாவு மாதிரி தேய்க்க வராது, வெந்நீர் விட்டுப் பிசைஞ்சு ஒவ்வொண்ணா கையால தட்டணும். அந்த நேரத்துக்கு உங்க கணக்குல எந்தக் காலம்?"

பதில் இல்லை. ஆச்சி விடியற்காலையில் கம்பு இடித்ததற்கும் யாரும் கூலி போட்டதில்லை. கம்மங்கஞ்சி மலிவாக இருந்ததில் அவள் தோள் வலியும் சேர்த்தி. மில் வந்தபோது பெண்கள் உலக்கையை வருத்தப்பட்டுக் கீழே வைத்திருக்க மாட்டார்கள். குமரப்பா என்ற பெரிய கணக்காளரிடம் நான் கேட்க விரும்பும் ஒரே கேள்வி இதுதான்.

கடைசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காகாவின் மைத்துனர் வார்தா பக்கம் விவசாயி. அறுவடை சமயத்தில் மண்டி விலையிலேயே சோளம் தருவதாகச் சொன்னார். கிளையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டோம். லாரி வாடகை சேர்த்து கிலோ 36 ரூபாய். காகாவின் பங்குக்கு மாதாமாதம் தவணை, வட்டி இல்லை (மேலிடத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்). போன வாரம் பார்த்ததில் அவர் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையும் சாப்பிடுகிறார், நடக்கவும் செய்கிறார். ஆகவே எல்லாப் புகழும் சோளத்துக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாக்ரி மட்டும் எங்கள் வீட்டில் என் பொறுப்பு. இதுவரை ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

உங்கள் ஊரில், நீங்கள் இருக்கும் இடத்தில் சோளம், கம்பு என்ன விலை? எழுதுங்கள். ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.