நாயன்மார் அடுக்களையும் சைவ உணவொழுக்கமும்

சைவம் என்னுஞ் சொல் சிவபெருமானை முழுமுதற் கடவுளாகக் கொண்டு வழிபடும் நெறியைக் குறிப்பது. அச்சொல்லே தமிழ் வழக்கிற் புலால் கலவாத உணவிற்கும் பெயராய் நிலைபெற்றுள்ளது. இவ்வழக்குத் தமிழ்மக்களுக்கே சிறப்பாக உரியது. வடநாட்டிற் பல பகுதிகளில் அவ்வுணவு வைணவத்தின் பெயராற் சுட்டப்படுகின்றது. காசுமீரத்துச் சிவநெறியாளருட் பலர் ஊனுண்ணும் வழக்கினர். ஆகலின், ஒரு சமயத்தின் பெயர் ஓர் உணவின் பெயராய தமிழ்நாட்டு வரலாறு ஆராய்தற்குரியது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி மடங்களிலும் மன்றங்களிலும் நிகழ்ந்ததன்று. இல்லறத்தார் அடுக்களையில் நிகழ்ந்தது என்க.

புலால் மறுத்தலைத் திருவள்ளுவர் 26ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். திருமூலர் திருமந்திரத்தின் முதற்றந்திரத்திலே கொல்லாமையும் புலால் மறுத்தலும் அடுத்தடுத்து ஓதப்பட்டன. இவற்றுள் முன்னது துறந்தார்க்குரிய விரதமாகவும், பின்னது மனைவாழ்வார்க்குரிய கடனாகவும் குறளில் வேறு வேறு நிற்றல் காணலாம். இவ்விரண்டும் ஓரில்லத்தே, ஓரடுப்பிலே, ஒருங்கே நிகழ்வதனைக் காட்டும் பெருநூல் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணமேயாம். இரண்டாங் குலோத்துங்கன் (கி. பி. 1133–1150) காலத்தெழுந்த அந்நூல், எட்டாம் நூற்றாண்டிற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் பெயர் சுட்டி வணங்கிய அடியார்களின் வாழ்க்கையை விரித்துரைப்பது.

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. அந்நூலிலேயே கண்ணப்பநாயனார் பன்றியூனைக் காளத்தியப்பருக்கு அமுதாக்கினார். நாகப்பட்டினத்து அதிபத்தநாயனார் மீன்பிடிக்குந் தொழிலினர். இவர்களையும் சைவம் நாயன்மாராகவே வைத்துப் போற்றுகின்றது. அவ்வாறாயின் தாவரவுணவு சைவத்திற்கு இன்றியமையாததாதல் யாங்ஙனம் என்பது அத்தடை. அதற்கு விடை வருமாறு: அன்பே இறைவன் கொள்ளும் அளவை, உணவு அவ்வன்பினை அளக்குங் கோலன்று. வேடர் குலத்தார்க்குத் தம் வேட்டையும், பரதவர்க்குத் தம் வலைப்பொருளும் அன்பின் வாயிலாயின. உழுதுண்ணும் இல்லறத்தார்க்கு நெல்லும் கீரையும் அங்ஙனமே அன்பின் வாயிலாயின. உயிர்க்கொலை நீக்கிய உணவு அவ்வன்பிற் பிறந்த அருளொழுக்கமேயன்றிப் பிறரை இழித்தற்குரிய கருவியன்று. இவ்வுண்மையை மறந்து, புலால் உண்ணாமை ஒன்றையே சைவமெனக் கொள்ளுவார் சைவத்தின் புறத்தோலை மட்டும் பற்றியவராவர்.

இனி, அடுக்களை அறத்தினை விளக்கும் அடியார் இருவருள் முதற்கண் வைத்தற்குரியார் அரிவாட்டாயநாயனார். சோழநாட்டுக் கணமங்கலத்து வேளாளராகிய இவர்க்குத் தாயனார் என்பது பெயர். செந்நெல்லரிசி, செங்கீரை, மாவடு என்னும் மூன்றுமே இவர் நாடோறும் இறைவற்கு அமுதாகக் கொண்டு சென்றவை. செல்வம் அழிந்தபின் இவர் கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகப் பெற்ற செந்நெல் முழுதும் இறைவற்கு. கார்நெல் தம் உணவிற்கு. வயலெங்கும் செந்நெல்லே விளைந்தபோது கார்நெற் கூலி கிடைப்பது ஒழிந்தது. அதனை இழப்பெனக் கருதாது, எல்லாங் கூலியும் இறைவற்காயிற்று என்று மகிழ்ந்தார். மனைவியார் கொல்லைக் கீரையை அட்டுப் படைத்தார். கீரையும் அற்றபின் தண்ணீர் ஒன்றே உணவாயிற்று. ஒருநாள் பசித்தளர்ச்சியால் நாயனார் இடறி வீழ, அரிசியும் கீரையும் மாவடுவும் நிலத்துக் கமரிற் சிந்தின. அமுது வீணாயிற்றே என்னும் ஆற்றாமையால் அவர் தம் கழுத்தினை அரிவாளால் அரியலுற்றார். அக்கமரினின்றும் இறைவன் திருக்கை தோன்றித் தடுத்தது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் உடனெழுந்தது.

இவ்வரலாற்றிற் காணத்தக்கது யாது? உணவு சிந்துதலை உயிரிழத்தற்கு ஒப்பாகக் கருதிய உள்ளம் ஒன்று. அமுதென ஒருமுறை நினைந்த பொருளை மீண்டும் வெறும் பண்டமாகக் காண அவ்வுள்ளம் அறியாது. தம் பங்கைச் சுருக்கச் சுருக்க இறைவன் பங்கு பெருகுதலை இன்பமாகக் கொண்டமையே அவர்தம் எளிய வாழ்வின் உட்பொருள்.

இரண்டாமவர் இளையான்குடிமாறநாயனார். இவர் அடியார்க்கு அறுசுவையமுது ஊட்டிய பெருஞ் செல்வராயிருந்து, வறுமையெய்தி, நிலம் விற்றுக் கடன்பட்ட நிலையிலும் அத்தொண்டினின்று வழுவாதவர். மழை பொழியும் நள்ளிரவில், தாமும் பசித்திருந்த வேளையில், இறைவன் அடியார் வடிவிற் சென்று கதவந் தட்டினான். வீட்டில் அரிசியில்லை, அயலாரிடம் இனிக் கடன் பெறுதற்கும் வழியில்லை. அப்போது வழிகாட்டியவர் மனைவியாரே. பகலில் வயலில் விதைத்த செந்நெல் முளையை வாரிக்கொணர்ந்தால் இயன்ற அளவு அமுதாக்கலாம் என்றார் அவர். நாயனார் காரிருளிற் காலால் வழி தடவிச் சென்று, நீரில் மிதந்த வித்தினைக் கூடையில் அள்ளி வந்தார். மனைவியார் சேறு போகக் கழுவினார். விறகில்லையெனவே, நாயனார் கூரையின் வரிச்சுகளை அறுத்து வீழ்த்தினார். வித்தினை வறுத்துக் குற்றி அரிசியாக்கிச் சோறட்டபின், கறிக்கு யாது செய்வதென்னும் வினா எழுந்தது. கொல்லையில் முற்றாத இளம்பயிரை நாயனார் கையாற் பறித்துக் கொடுக்க, அவ்வொன்றையே மனைவியார் தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறியமுதாகச் சமைத்தார்.

இவ்வம்மையாரின் பெயரைப் புராணம் கூறவில்லை. எனினும் அவ்விரவின் அறிவு முழுதும் அவரதே. எது உண்டு, எது இல்லை, உள்ளதனை எங்ஙனம் பயன்படுத்துவது என்பதனை அறிந்தவர் அவர். ஒரே இளம்பயிரினின்று பல சுவை காணுதல் ஒரு நாளிற் கைவரும் திறமன்று. எப்பொருளையும் எறியாது ஆண்டுக்கணக்கில் அடுப்பின் முன் நின்றார்க்கே வாய்ப்பது. சைவ உணவொழுக்கத்தின் வரலாற்றை எழுதப்புகுவார் இத்தகைய பெயரறியா மனைவியர்க்கு முதலிடம் வழங்குதல் கடன்.

உழவர்க்கு வித்தினும் அரியது பிறிதில்லை. வித்தினை உண்பது வரும் ஆண்டின் வாழ்வை உண்பதாகும். கூரையை எரிப்பது இருக்கும் வாழ்வை எரிப்பதாகும். முற்றாத பயிரைப் பறிப்பது விளைவைக் கெடுப்பதாகும். செட்டாக வாழும் இல்லத்தார் செய்யத் தகாதனவாக எண்ணும் இம்மூன்றையும் மாறனார் இல்லம் ஓரிரவிற் செய்தது. செட்டுக்கும் கடும்பற்றுள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு ஈண்டே தெளிவாகும். தனக்கென்று சேர்ப்பது பற்றுள்ளம். பிறர்க்கென்று காப்பது செட்டு. தாயனார் தமக்குரியதை நீராகச் சுருக்கினார். மாறனார் விருந்தினர்க்காக வித்தினையும் விட்டார். இரண்டும் ஓரறத்தின் இருபுறம்.

இவ்வொழுக்கம் திருக்கோயில் மடைப்பள்ளியினும் விளங்கிற்று. முதலாம் இராசராசன் (கி. பி. 985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயில் முதலியவற்றின் கல்வெட்டுக்களிற் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என உண்பொருள்கள் அமுதென்றே வழங்கப்படுகின்றன. நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என அளவுகள் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டன. ஐந்து செவிடு ஓராழாக்கு; இரண்டாழாக்கு ஓருழக்கு; இரண்டுழக்கு ஓருரி; இரண்டுரி ஒரு நாழி. நாழியின் நாற்பதிலொரு கூறாகிய செவிடுங் கல்லில் வெட்டப்பட்டமை, மிகையுமின்றிக் குறையுமின்றி அமுதாக்குதல் வழிபாட்டின் ஓருறுப்பாய் எண்ணப்பட்டமைக்குச் சான்று. அந்நாளைக் கறிக்குக் காரந்தந்தது மிளகே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தினின்று போர்த்துக்கேசர் வருகையின் பின்னரே ஈண்டு வந்தது, கி. பி. 1498இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டை அடைந்ததன்முன் தமிழர் அடுக்களை அதனை அறியாது.

கோயில் அளவை கல்லில் நின்றது. இல்லத்தின் அளவை மகளிர் கையில் நின்றது. அரிசி கழுவிய நீர் பசுவிற்கு. எஞ்சிய சோறு நீரூற்றிப் பழஞ்சோறாகி மறுநாட் காலைக்கு. அதன் நீராகாரம் வேனிலில் வருவார்க்கு. வாழையின் பூவும் தண்டும் காயும் கறியாயின. இலை உண்கலமாகிப் பின் ஆவின் உணவாயிற்று. மட்டை நார் பூத்தொடுக்க உதவிற்று. பீர்க்கங்காயின் தோல் துவையலாயிற்று. பலாவின் கொட்டை குழம்பிற் சேர்ந்தது. மிகுந்த காய்கள் வெயிலில் வற்றலாயின. அடுப்புச் சாம்பல் கலந் துலக்கிற்று. உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை வேறு கலத்திலிட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் பல இல்லங்களில் நிலவியது. உண்பார் தம் பசி தீருமுன் பிறவுயிரை நினைதல் வேண்டுமென்னும் திருமூலர் உபதேசம் அங்ஙனம் அன்றாடச் செயலாயிற்று.

பிற்காலத்தும் இவ்வறம் மங்கவில்லை. இராமலிங்க அடிகளார் (1823–1874) 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரிற் றருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. ஊனின்றி, ஆரவாரமின்றி, சாதி வேறுபாடின்றிப் பசித்தார்க்கு உணவளிக்கும் அச்சாலை, மாறனார் இல்லத்தில் ஓரிரவு எரிந்த அடுப்பின் நீட்சியெனக் கருதத்தக்கது.

ஆகவே, சைவவுணவு என்னும் பெயர் மூன்று கடன்களை உள்ளடக்கியது. பிறவுயிரைக் கொல்லாமை ஒன்று. கிடைத்ததனை அமுதென மதித்துச் சிந்தாமை ஒன்று. மிஞ்சியதனையன்றி உள்ளதனையே பகிர்தல் ஒன்று. முதலாவதனை மட்டும் கைக்கொண்டு, விழாப்பந்தரில் இலைதோறும் சோறு குவித்து எறிவாரும், வாயிலிற் பசித்து நிற்பாரைக் காணாதாரும் அப்பெயரை முழுதும் உரிமைகொள்ளல் இயலாது. கமரிற் சிந்திய மாவடுவை விரும்பி ஏற்ற பெருமான், இலையில் எறியப்படும் ஒவ்வொரு பருக்கையினையும் அறிவான். அதனை உணர்ந்து உலையேற்றும் இல்லமே திருத்தொண்டர் இல்லமாம்.

திருச்சிற்றம்பலம்.