விளையாட்டுக்கு ஒரு கிராணி

உங்கள் பள்ளி ஸ்டோர் அறையில் பழைய சிடி போட்டு வைத்த பெட்டி ஒன்று நிச்சயம் இருக்கும். தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

செனாவாங் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் தமானாகவும் மாறிய காலத்தில் வளர்ந்த பையன்களுக்கு, தோட்டத் திடலுக்கு அடுத்துக் கிடைத்த திடல் கணினித் திரைதான். 1997-இல் வந்த 'ஃபிஃபா 98' விளையாட்டில் 172 நாட்டு அணிகள் இருந்தன. பிரேசில் வேண்டாம், மலேசியாதான் வேணும்னு அடம்பிடித்தவர்களை எனக்குத் தெரியும். 2006 கடைசியில் 'கிரிக்கெட் 07' வந்தது. இந்தியாவில் இன்றும் அதை விடாமல் ஆடுகிறவர்கள் உண்டு.

அந்தக் கால சிடியைப் புதுக் கணினியில் போட்டால் என்ன ஆகும்? பல நேரம் ஒன்றுமே ஆகாது. 90-களின் விளையாட்டுகள் பலவற்றைக் கணினியில் ஏற்றிவிடும் நிரல் 16-பிட். 64-பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. கள்ளப் பிரதியைத் தடுக்க 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டையும் பல சிடிகளில் வைத்தார்கள். 2015-இல் வந்த விண்டோஸ் 10, பாதுகாப்புக் காரணத்தால் அந்தப் பூட்டை ஏற்கவில்லை. ஆக, காசு கொடுத்து அசல் வாங்கியவர் வெளியே நிற்கிறார். பாசார் மாலாமில் பூட்டு உடைத்த சிடி வாங்கியவர் ஜாலியாக ஆடுகிறார்!

விண்டோஸ் கைவிட்டதை லினக்ஸ் ஏற்றுக்கொள்வதுண்டு. அதற்கு உதவுவது 'ஒயின்' என்ற இலவச மென்பொருள். 1993-இல் பாப் ஆம்ஸ்டாட் தொடங்கினார். 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார்ட் நடத்துகிறார். 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு காலம்? மைக்ரோசாஃப்ட் தன் மூல நிரலைத் தருவதில்லை. விண்டோஸ் எந்தக் கட்டளைக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது.

ஒயின் செய்வது என்ன? மாணவர்களுக்கு நான் தோட்டத்து உதாரணம்தான் சொல்வேன். துரைக்குத் தமிழ் தெரியாது. வேலையாட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் கிராணி. துரை சொன்னதைப் பெரட்டுக் களத்தில் தமிழில் சொல்வார், வேலை நடக்கும். விளையாட்டு விண்டோஸ் மொழியில் 'இங்கே படம் வரை, இந்தச் சத்தம் போடு' என்கிறது. ஒயின் அதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. எமுலேட்டர் வேறு. அது துரைக்காகத் தோட்டத்துக்குள் ஒரு குட்டி இங்கிலாந்தையே கட்டிக் கொடுக்கிற மாதிரி. செலவு அதிகம், வேகம் குறைவு. 2018-இல் வால்வ் நிறுவனம் இந்த ஒயினை வைத்தே 'புரோட்டான்' செய்தது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் விளையாட்டுகள் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன.

கிராணிக்கும் சில சொல் புரியாது. விண்டோஸ் தாங்காத பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களோடு ஒரு கால்பந்து விளையாட்டை ஓட்டிப் பார்த்தோம். கூட்டத்தின் சத்தம் கேட்டது, படம் வரவில்லை. திரை அளவை 640-க்கு 480 என்று குறைத்த பிறகுதான் வந்தது. "சார், உங்க அப்பா காலத்து கேமா?" என்றான் ஒருவன். என் காலத்தது என்று சொல்ல மனமில்லை.

அதே பெட்டியில், 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது பள்ளிகளுக்குக் கொடுத்த பாட சிடிகளும் கிடந்தன. அடுத்து அவற்றைப் போட்டுப் பார்க்கப் போகிறோம். நம்ம ஊர் ஈரக்காற்றில் சிடியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டோம்.