உறையும் உள்ளீடும்

வீட்டுக் கணினியில் ஒரு நிகழ்படக் கோப்பைத் திறந்தால் ஒலி மட்டும் கேட்கும்; திரை கறுத்தே கிடக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இத்தொல்லையை அறியாத கணினிப் பயனர் அரிது. மைக்ரோசாஃப்ட் 1992-இல் கொணர்ந்த ஏ.வி.ஐ. என்பது வெறும் உறை. உள்ளிருக்கும் படம் எந்தக் கோடெக்கால் சுருக்கப்பட்டதோ, அதை அவிழ்க்கும் கோடெக் நம் கணினியிலும் இருந்தாக வேண்டும்.

குழப்பத்தைப் பெருக்கியதில் பிரான்சு நாட்டு ஜெரோம் ரோட்டாவுக்குப் பங்குண்டு. மைக்ரோசாஃப்ட் தன் எம்பெக்-4 கோடெக்கை ஏ.வி.ஐ. உறைக்குள் புகவிடாமல் தடுத்திருந்தது; அத்தடையை நீக்கி அவர் உலவவிட்டதே டிவ்எக்ஸ். அதன் வழிவந்த திறமூலத் திட்டம் 2001-இல் மூடப்பட்டபோது, பிரிந்து சென்றோர் பெயரையே திருப்பிப்போட்டு எக்ஸ்விட் என்றனர். (இக்குறும்பு எனக்குப் பிடித்தமானது.)

தீர்வும் பிரான்சிலிருந்தே வந்தது. எகோல் சென்ட்ரால் பாரிஸ் மாணவர்கள் 1996-இல் கல்லூரி வலையமைப்பில் படம் பார்ப்பதற்கெனத் தொடங்கிய திட்டமே வி.எல்.சி. ஆயிற்று, 2001-இல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அது வெளிக் கோடெக்கைத் தேடி அலையவில்லை. அவிழ்க்கும் நிரல்களைத் தன்னுள்ளேயே சுமந்தது. அவற்றுள் பல, ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் தந்தவை.

உறையை மட்டும் மாற்றினால் இழப்பில்லை. கோடெக்கை மாற்றினால் உண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழை போன்றதன்று அது. நுண்விவரங்கள் கணக்கிட்டே கைவிடப்படுகின்றன, பின்னர் மீளா. ஆகவே பழைய திருமணப் படத்தை மாற்றுவோர் மூலக்கோப்பை அழித்துவிடலாகாது. 1990-களின் சினிபாக், இன்டியோ கோடெக்குகளையும் எஃப்எஃப்எம்பெக் இன்றும் படிக்கிறது.