கதவைக் கழற்றிவிட்டுப் பாலைவனம் புகுந்த லொறிகள்

பிக்-அப் வாகனம் ஒன்றை வாங்கி, கூரையில் கூடாரமும் பின்தட்டில் சமையல் அடுப்பும் பக்கவாட்டில் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி, கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பயண வாகனமாக மாற்றுவது இன்று பல நாடுகளில் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. பொழுதுபோக்கு என்பதிலும் பார்க்கப் பெரும் வியாபாரம் என்று சொல்வதே பொருத்தம். பொருத்துவதற்கான உபகரணங்களின் விலைப்பட்டியலைப் பார்த்தால், வாகனத்தின் விலையே பரவாயில்லை என்று தோன்றும். இவ்வாறு வாகனங்களை மாற்றியமைக்கும் கலையின் ஆரம்பத்தைத் தேடிச் செல்பவர்கள் வந்து சேரவேண்டிய இடங்களுள் முக்கியமானது, எகிப்து, லிபியா, சூடான் ஆகிய மூன்று நாடுகளிலும் பரந்து கிடக்கும் லிபியப் பாலைவனமாகும்.

இந்தப் பாலைவனத்தை எமது வாசகர்களுள் பலர் ஒரு நாவலின் ஊடாக அறிந்திருப்பார்கள். கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கல் ஒண்டாச்சி எழுதிய 'தி இங்கிலிஷ் பேஷன்ற்' 1992 ஆம் ஆண்டு புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்காக அச்செய்தியைத் தமிழாக்கியவர்களுள் நானும் ஒருவன். 1996 இல் அது திரைப்படமாகி ஒஸ்கார் விருதுகளையும் அள்ளியது. அதன் நாயகனுக்கு ஆதாரமாக அமைந்தவர் அல்மாசி என்ற ஹங்கேரிய நாட்டு ஆய்வுப் பயணி. ஆனால் அந்தக் காதல் கதையின் பின்னணியில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நான் இங்கு எழுத முனைவது அதைப் பற்றியே.

முதலாம் உலகப் போரின்போது, 1916 இல், எகிப்தின் மேற்கெல்லையில் செனுசி இயக்கத்தினரை எதிர்கொண்ட பிரித்தானியப் படையினர், போர்ட் மொடல் டி ரகக் கார்களைக் கொண்ட இலகு கார் ரோந்துப் பிரிவுகளை உருவாக்கினர். ஒட்டகம் மட்டுமே செல்லக்கூடியது என்று கருதப்பட்ட நிலத்தில் சாதாரணக் காரும் செல்லும் என்பதை முதலில் காட்டியவர்கள் இவர்களே. 1920 களின் நடுப்பகுதியில் எகிப்திய இளவரசர் கமால் அல்-தீன், சங்கிலிப் பட்டி பொருத்திய சிட்ரோயன் வண்டிகளில் சென்று, கில்ப் கெபிர் என்னும் பெரும் பீடபூமிக்குப் பெயர் சூட்டினார். அது ஓர் இளவரசரால் மட்டுமே தாங்கக்கூடிய செலவு.

செலவு தாங்க முடியாத ஒருவரால்தான் இந்தக் கலை அடுத்த கட்டத்துக்குச் சென்றது. அவர் பெயர் ரால்ப் பாக்னோல்ட். கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். பிரித்தானிய இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவு அதிகாரி. 1926 இல் எகிப்துக்கு அனுப்பப்பட்ட அவர், சக அதிகாரிகள் சிலருடன் விடுமுறை நாட்களில், சொந்தப் பணத்தில், முதலில் மொடல் டி கார்களிலும் பின்னர் மொடல் ஏ வண்டிகளிலும் பாலைவனம் நோக்கிப் புறப்பட்டார். 1930 இல் அவர்கள் மாபெரும் மணற்கடலைக் கடந்தனர். ஏறக்குறைய 72,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய, முழு இலங்கையையும் உள்ளடக்கிய பின்னரும் இடம் மிஞ்சக்கூடிய மணல்மேட்டுத் தொடர் அது.

அவர்கள் செய்த மாற்றங்கள் யாவும் ஒரே கேள்விக்கான விடைகளாகவே இருந்தன. இந்த வண்டியில் எவ்வளவு தண்ணீரும் பெற்றோலும் கொண்டு செல்லலாம் என்பதே அக்கேள்வி. எனவே பாரத்தைக் கூட்டும் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது. தொழிற்சாலை பொருத்திய உடற்பகுதியைக் கழற்றி, பின்புறத்தில் மரப்பெட்டி அமைத்தார்கள். மென்மணல் வந்ததும் ரயர்களின் காற்றைக் குறைத்தார்கள். காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகிப் பரந்து நிற்பதால் மணலுக்குள் எளிதில் புதையாது.

அடுத்தது ரேடியேற்றர். கடும் வெயிலில் எஞ்சின் கொதித்து, நீராவி வெளியேறி வீணாகும். அதனை ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் பொருத்திய தகரக் கலத்துக்குக் கொண்டு சென்றார்கள். கலத்தில் பாதியளவு தண்ணீர் இருக்கும். நீராவி அதற்குள் சென்று குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் அந்த நீர் அதே குழாய் வழியாக ரேடியேற்றருக்குள் உறிஞ்சப்படும். இயந்திரம் குடிக்கும் தண்ணீரும் மனிதன் குடிக்கும் தண்ணீரும் ஒரே தாங்கியிலிருந்தே வரவேண்டிய இடத்தில், இந்தச் சிறு தகரக் கலம் உயிர்காக்கும் உபகரணமாகும்.

மூன்றாவது திசையறிதல். இரும்பாலான வண்டிக்குள் காந்தத் திசைகாட்டி சரியாக வேலை செய்யாது. அதனால் பாகைகள் குறிக்கப்பட்ட வட்டத் தட்டின் நடுவில் ஊசியொன்றை நிறுத்தி, அதன் நிழலைக் கொண்டு வண்டியை நிறுத்தாமலே திசை பார்க்கும் சூரியத் திசைகாட்டியைப் பாக்னோல்ட் செம்மைப்படுத்தினார். நான்காவது, புதைந்த வண்டியை மீட்கும் இரும்புத் தகடுகள். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்ட இரும்புப் பாளங்களைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றில் கண்டெடுத்து, சில்லுகளுக்கு முன்னால் போட்டுப் பார்த்தார்கள். இன்று பளபளக்கும் நிறங்களில் விற்கப்படும் மணற் பலகைகளின் பூட்டன் அந்தப் பழைய இரும்புதான்.

1940 ஜூன் 10 ஆம் திகதி இத்தாலி போரில் இறங்கியது. கப்பல் விபத்து ஒன்றினால் தற்செயலாக எகிப்தில் இறக்கப்பட்டு, ஜெனரல் வேவலின் உத்தரவினால் அங்கேயே தங்கியிருந்த பாக்னோல்ட், லிபியாவின் உட்பகுதியில் எதிரியை வேவு பார்க்க ஒரு சிறு அணி தேவை என எடுத்துரைத்தார். வேவல் ஆறு வார அவகாசம் கொடுத்தார். நெடுந்தூரப் பாலைவன அணி என்று பின்னர் புகழ்பெற்ற படைப்பிரிவு இவ்வாறே பிறந்தது.

அவர் தெரிவு செய்த வாகனம் கவனிக்கத்தக்கது. முப்பது அந்தர் பாரம் ஏற்றக்கூடிய சாதாரண செவர்லே வர்த்தக லொறியே அது. நான்கு சில்லு இயக்கம் கிடையாது. எகிப்தில் இருந்த விற்பனையாளரிடமும் எகிப்திய இராணுவத்திடமும் பெற்ற முப்பதுக்கு மேற்பட்ட லொறிகளின் கதவுகளும் கூரைகளும் முன்கண்ணாடிகளும் கழற்றப்பட்டன. வில்லுத் தகடுகள் பலப்படுத்தப்பட்டன. அகன்ற ரயர்களும், நீராவிக் கலமும், சூரியத் திசைகாட்டியும், துப்பாக்கித் தாங்கிகளும் பொருத்தப்பட்டன. இந்த லொறிகள் இடையில் எவ்வித விநியோகமும் பெறாமல் 1,100 மைல், அதாவது ஏறக்குறைய 1,770 கிலோமீற்றர் செல்லக்கூடியனவாயின. 1941 இல் நான்கு சில்லு இயக்கம் கொண்ட போர்ட் லொறிகள் கிடைத்தன. அவை பாரம் கூடியவை. பெற்றோலை அதிகம் குடிப்பவை. எனவே 1942 இல் அணியினர் மீண்டும் இரு சில்லு இயக்கச் செவர்லேக்கே திரும்பினர்.

காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு பைந்து, அதாவது 3.4 லீற்றர் தண்ணீர் வீதம், மூன்று வாரத்துக்கு 71 லீற்றர் தேவை. லொறிக்கு மூவர் என்றால் தண்ணீர் மட்டும் இருநூறு கிலோவைத் தாண்டும். கதவையும் கண்ணாடியையும் கழற்றியதன் பொருள் இதுவே. கழற்றிய இரும்பின் பாரம் குடிதண்ணீராக மாறியது.

தண்ணீர் போனால் என்ன நடக்கும் என்பதை 1941 ஜனவரி 31 ஆம் திகதி காட்டியது. முர்சுக் கோட்டையை அம்மாதம் 11 ஆம் திகதி தாக்கிவிட்டுக் குப்ரா நோக்கிச் சென்ற ரோந்தணியை, ஜெபல் ஷெரிப் என்ற இடத்தில் இத்தாலியரின் சகாராப் படையினர் விமானங்களின் துணையுடன் தாக்கினர். லொறிகள் எரிந்தன. அணித்தலைவர் கிளேட்டன் சிறைப்பட்டார். காலில் காயமடைந்த மூர் என்ற நியூசிலாந்து வீரரும் வேறு மூவரும் மறைந்திருந்து தப்பினர். அவர்களிடம் எஞ்சியது இரண்டு கலன் கொள்ளும் ஒரு தகரத்தில், அதுவும் முழுமையாக நிரம்பாத தண்ணீர். இத்தாலியரிடம் சரணடைய மறுத்த அவர்கள், தாம் வந்த ரயர்த் தடங்களைப் பின்பற்றித் தெற்கு நோக்கி நடந்தனர். பத்து நாட்களின் பின் பிரெஞ்சுப் படையினர் மூரைக் கண்டபோது அவர் 210 மைல் கடந்து இன்னமும் நடந்துகொண்டிருந்தார். நால்வருள் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை.

சிறைப்பட்ட கிளேட்டனைப் பற்றி இங்கு இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். போருக்கு முன் அவர் எகிப்தின் பாலைவன நில அளவைத் திணைக்களத்தில் பணியாற்றியவர். 1931 ஜனவரியில் இத்தாலியர் குப்ராவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த குடும்பங்கள் பெண்கள், பிள்ளைகளுடன் நீரற்ற பெருவெளிக்குள் தப்பியோடின. பலர் வழியிலேயே தாகத்தால் மடிந்தனர். நில அளவைக்காகச் சென்ற கிளேட்டன் அவர்களைக் கண்டு, அளவை வேலையை விட்டுவிட்டுத் தமது மோட்டார் வண்டிகளைக் கொண்டு பலரைக் காப்பாற்றினார். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நெடுந்தூரப் பாலைவன அணியைப் பற்றிய வீரக்கதைகள் ஏராளமாக எழுதப்பட்டுள்ளன. குப்ரா அகதிகளுக்கு அவற்றில் பெரும்பாலும் ஒரு பந்தி மட்டுமே கிடைக்கிறது. ஆனால் அத்தகைய வண்டிகள் செய்த வேலைகளுள் மிகச் சிறந்தது எதுவென்று என்னைக் கேட்டால், முர்சுக் தாக்குதலை நான் சொல்லமாட்டேன்.

அறிவுக்குக் கட்சி கிடையாது என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. 1930 களில் இதே பாலைவனத்தை இதே முறைகளில் ஆராய்ந்த அல்மாசி, 1942 மே மாதத்தில் கைப்பற்றப்பட்ட எதிர்த்தரப்பு வாகனங்களைக் கொண்டே இரு ஜேர்மனிய உளவாளிகளை நைல் நதிக்கரையின் அசியூத் அருகே கொண்டுபோய் இறக்கினார். விடுமுறைப் பயணமாக ஆரம்பித்த ஒரு கலை, பின்னர் இரு தரப்பினருக்கும் ஆயுதமாயிற்று. பாக்னோல்ட் மட்டும் மணலை விட்டு விலகவில்லை. காற்றில் மணல் நகரும் விதம் பற்றி 1941 இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பயன்படுகிறது. 2015 இல் நாசாவின் கியூரியோசிற்றி ஊர்தி செவ்வாயில் சென்றடைந்த மணல்மேடுகள் அவருடைய பெயரையே தாங்கியுள்ளன.

1980 இல் லிபியப் பாலைவனத்தில், கைவிடப்பட்ட நிலையில், இந்த அணியின் செவர்லே லொறியொன்று கண்டெடுக்கப்பட்டது. இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அதற்கு வர்ணம் பூசாமல், கண்டெடுத்த நிலையிலேயே பாதுகாக்கிறது. அதில் அலங்காரம் என்று எதுவுமில்லை. தமது பிக்-அப் வாகனத்துக்கு அடுத்து எதைப் பொருத்தலாம் என்று விலைப்பட்டியல் புரட்டுவோர் அந்த லொறியின் படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. எதைக் கழற்றலாம், கழற்றிய இடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் தண்ணீர் கொண்டு செல்லலாம் என்றுதான் அதைச் செய்தவர்கள் முதலில் கணக்குப் பார்த்தார்கள்.