வந்து மறையும் பாரிசவாதம்: சுகமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்

தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த கை திடீரெனச் சோர்ந்து போகிறது. பேச்சுக் குழறுகிறது. பத்து நிமிடங்களில் எல்லாம் பழையபடி. "வாயுவாக இருக்கும், படுத்தெழும்பினால் சரி" என்று வீட்டார் சொல்வதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். இந்த நோயில் ஏமாற்றுவது அந்தச் சுகம்தான்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிறு இரத்தக்கட்டி ஒன்று சற்று நேரம் அடைத்துப் பின் விலகுவதே சிறு பாரிசவாதம். அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் மறைந்துவிடும். ஆனால் கட்டி உருவான காரணம் உடலில் அப்படியே இருக்கும். உரிய சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குள் பாரிசவாதம் ஏற்படலாம். அவற்றில் பாதியளவு முதல் 48 மணித்தியாலங்களிலேயே நிகழ்கின்றன.

கவனிக்க வேண்டியவை:

• முகம் ஒரு பக்கம் கோணுதல்
• ஒரு பக்கக் கை, கால் பலவீனம் அல்லது விறைப்பு
• பேச்சுக் குழறல், பிறர் பேசுவது விளங்காமை
• ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் பார்வை மறைதல்

இவை திடீரென வந்தால், மறையும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவச சேவை. மறைந்துவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே "இப்போது சுகம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகளையும் கொண்டு செல்லுங்கள். நீங்களாக அஸ்பிரின் போட வேண்டாம். மூளையில் இரத்தக்கசிவு இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும்.

வைத்தியர்கள் மூளை ஸ்கான், ஈ.சி.ஜி., கழுத்து இரத்தக் குழாய்ப் பரிசோதனை போன்றவற்றால் காரணத்தைத் தேடுவார்கள். இதயத்துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் தேவைப்படும் மருந்து வேறு. 2007இல் வெளியான ஒக்ஸ்போட் ஆய்வொன்றில், வழமையான மருந்துகளையே தாமதமின்றித் தொடங்கியபோது மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பாரிசவாதம் வருவது நூற்றுக்குப் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது.

அதன் பின்னர் பொறுப்பு வீட்டுக்கு வருகிறது. பிறசர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றையும் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். புகைத்தலைக் கைவிட வேண்டும். "பிறசர் குறைந்துவிட்டது" என்று குளிசையை நிறுத்தக்கூடாது. அது குறைந்திருப்பதே குளிசையால்தான்.